பைஅத்துக்கு என்ன அவசரம்?

சந்தையில் ஓர் ஆடு வாங்குகிறவனுக்கு நம் மார்க்கச் சட்டம் மூன்று நாள் தவணை தருகின்றது. ‘பார்த்துவிட்டு முடிவு சொல்வேன்’ என்று வாங்கும்போதே நிபந்தனை வைத்துக்கொண்டானாயின், அந்த மூன்று நாளுக்குள் ஆட்டைத் திருப்பிக் கொடுத்துத் தன் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ‘கியாருஷ் ஷர்த்து’ என்று பிக்ஹு நூல்கள் இதற்குப் பெயரிட்டிருக்கின்றன. ஹனஃபி மத்ஹபும் ஷாஃபிஈ மத்ஹபும் இதில் ஒருமுகமாக நிற்கின்றன. திருமணம் பேசச் செல்பவன் பெண்ணைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கின்றார்கள். கொடுக்கல் வாங்கலிலும் கல்யாணத்திலும் இத்துணைக் கவனம் காட்டும் சமுதாயம், தன் ஆன்மாவை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போது மட்டும் ஏன் இத்தனை அவசரம் காட்டுகின்றது? ஆட்டுக்கு மூன்று நாள். ஆன்மாவுக்கு மூன்று நிமிடமா?

நாம் பேச வந்தது பைஅத்தைப் பற்றி. ஒரு ஷெய்கின் கைபிடித்து, அவருடைய தரீக்காவில் முரீதாக நுழையும் உறுதிமொழியைப் பற்றி.

இன்று அது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைக் கந்தூரி இரவுகளில் கண்டோர் பலர். மவ்லிது முடிந்து, தப்ருக் வழங்குமுன், நீண்டதொரு துணி விரிக்கப்படுகின்றது. ஒரு முனை ஷெய்கின் கையில். மறு முனை வரை நூறு பேரோ இருநூறு பேரோ அதன் ஓரத்தைப் பற்றிக்கொள்கின்றனர். துணி எட்டாதவர் முன்னிருப்பவரின் தோளைத் தொட்டுக்கொள்கிறார். ஷெய்கு அரபியில் சொல்வதை எல்லாரும் திருப்பிச் சொல்கின்றனர். பொருள் விளங்கியவர் சிலர், விளங்காதவர் பலர். பிறகு ஒரு குறிப்பேட்டில் பெயரும் ஊரும் கைபேசி எண்ணும் எழுதப்படுகின்றன. அச்சடித்த ஷஜரா ஒன்று கைக்கு வருகின்றது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று கலைந்து போகின்றனர். காலையில் வந்தவர் மாலையில் முரீது. அண்மைக் காலத்தில் துணியும் தேவைப்படவில்லை. கைபேசியின் திரையில் முகம் காட்டி, ஆயிரம் கல்லுக்கு அப்பாலிருந்தே பைஅத்துக் கொடுப்போரும் வாங்குவோரும் தோன்றியிருக்கின்றனர்.

இதனைக் குறை கூறியவுடனே, ‘இவர் தரீக்காவே கூடாது என்னும் கட்சி’ என்று முத்திரை குத்துவோர் உண்டு. அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பைஅத்து வேண்டாம் என்பது எம் கட்சியன்று. பைஅத்து பெரியதோர் அமானிதம் என்று நம்புவதனாலேயே இதை எழுதுகின்றோம். மலிந்த பொருளை எவரும் காப்பதில்லை. விலைமதிப்புடையதைத்தான் பூட்டி வைக்கிறோம்.

எம் கட்சி இதுதான். தரீக்காவில் நுழைய விரும்புவோன் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை, ஷெய்கு முரீதைச் சோதிக்கும் காலம் என்றே இதுகாறும் பேசி வந்திருக்கின்றோம். அது பாதி உண்மைதான். முரீதாக வருபவன் ஷெய்கைச் சோதித்தறியும் காலமும் அதுவே. அது அவனுக்கு விதிக்கப்படும் தண்டனையன்று, அவனுக்குரிய உரிமை. அந்த உரிமையை ஓரிரவில் பறித்துக்கொள்ளும் ஏற்பாட்டைத்தான் நாம் எதிர்க்கின்றோம்.

ஏன் உரிமை என்கிறோம்? பைஅத்துக்குப் பிறகு முரீது எவ்வாறு இருக்க வேண்டும் என்று தஸவ்வுஃப் நூல்கள் கூறுவதை எண்ணிப் பாருங்கள். குளிப்பாட்டுவோர் கையிலுள்ள மய்யித்தைப் போல அவன் தன் ஷெய்கின் கையில் இருக்க வேண்டும் என்பது பெரியோர் வழக்கில் உள்ள உவமை. ‘ஏன்?’ என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால், பின்னால் வினாவே எழுப்பக்கூடாதென்றால், வினாக்கள் அனைத்தையும் முன்னால் எழுப்பிவிட வேண்டுமன்றோ? முன்னாலும் வினாவில்லை, பின்னாலும் வினாவில்லை என்றால், அறிவும் பகுத்துணர்வும் உடைய மனிதன் எப்போதுதான் அவற்றைப் பயன்படுத்துவது? பின்னால் கேட்கப்படும் முழு ஒப்படைப்புக்கு முன்னால் தரப்படும் முழு ஆராய்ச்சியே நியாயமான விலை. இந்த விலையைக் கொடுக்காமல் ஒப்படைப்பை மட்டும் கேட்பது அநீதி.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் கோவளம் இருக்கின்றது. ஆற்காட்டு நவாபுகளின் நாளில் ஸஆதத் பந்தர் என்று பெயர் பெற்றிருந்த துறை அது. இன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே அடங்கியிருப்பவர்கள் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் என்றும், அவர்கள் நபித்தோழர் என்றும் இக்கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வருகின்றனர். நாடெங்குமிருந்து ஸியாரத்துக்கு வருவோர் ஏராளம். வருவோர் அனைவரும் ‘அன்சாரி’ என்ற சொல்லை ஓதுகின்றனர். அந்தச் சொல்லின் வரலாற்றை நினைப்போர் எத்தனை பேர்?

அன்சாரிகள் என்போர் மதீனாவின் உதவியாளர்கள். அவர்களை அன்சாரிகளாக ஆக்கியதே ஒரு பைஅத்துதான். மினாவுக்கு அருகில் அகபா என்னும் கணவாயில் நடந்தது அது. எவ்வாறு நடந்தது என்பதை வரிசையாகப் பார்ப்போம். 620ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் மதீனத்தார் ஆறு பேர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சந்தித்து ஈமான் கொண்டு ஊர் திரும்பினர். அடுத்த ஆண்டு, 621இல், பன்னிரண்டு பேர் வந்தனர். அவர்களிடம் வாங்கப்பட்ட உறுதிமொழி யாது? இணைவைக்க மாட்டோம், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், குழந்தைகளைக் கொல்ல மாட்டோம், அவதூறு புனைய மாட்டோம், நன்மையான காரியத்தில் மாறு செய்ய மாட்டோம் என்பவையே. ஒழுக்க வாழ்வின் அடிப்படைகள். உயிரைக் கொடு, பொருளைக் கொடு என்று அன்று கேட்கப்படவில்லை. மாறாக, அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள் உடன் அனுப்பப்பட்டார்கள். ஓராண்டு முழுவதும் மதீனாவில் குர்ஆன் ஓதிக்கொடுக்கப்பட்டது. வீடு வீடாக மார்க்கம் விளக்கப்பட்டது.

அந்த ஓராண்டுக்குப் பிறகு, 622இல்தான், எழுபத்து மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும் அதே அகபாவில் இரண்டாம் உறுதிமொழியைத் தந்தனர். உயிரைக் கொடுத்தும் நபியவர்களைக் காப்போம் என்ற கனமான உறுதிமொழி அதுவே. அந்த இரவிலும் அவசரம் காட்டப்படவில்லை. நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் அவர்கள் முதலில் எழுந்து, பின்னால் கைவிடுவதாயிருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள் என்னும் கருத்துப்பட எச்சரித்தார்கள். வந்தவர்களுக்குள்ளேயே அப்பாஸ் இப்னு உபாதா (ரலி) அவர்கள் எழுந்து, எதற்காகக் கை கொடுக்கின்றோம் என்பதைத் தெரிந்துதான் கொடுக்கிறீர்களா என்று தம் கூட்டத்தாரையே கேட்டார்கள். கேள்விகள் கேட்கப்பட்டன, விடைகள் தரப்பட்டன, அதன் பிறகே கைகள் நீண்டன.

யாருடைய கை அது? பாவமறியாத நபியின் திருக்கை. அந்தக் கையைப் பற்றுவதற்கே முன்னால் ஓராண்டுக் கல்வியும், அன்றிரவில் இரண்டு எச்சரிக்கைகளும் தேவைப்பட்டன. நம்மைப் போல் தவறக்கூடிய ஒரு மனிதரின் கையைப் பற்ற ஒன்றுமே தேவையில்லையா? அன்சாரி ஒருவரின் பெயரால் புகழ்பெற்ற கரையில் வாழும் நாம், அன்சாரிகள் எப்படிக் கை கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்களின் பைஅத்தைக் குறித்துப் பேசும் அல்மும்தஹனா அத்தியாயத்தின் 12ஆம் வசனத்திலும், ‘நன்மையானவற்றில்’ என்ற வரையறை கீழ்ப்படிதலுக்கு இடப்பட்டிருக்கின்றது. நபியவர்கள் நன்மையன்றி வேறெதையும் ஏவமாட்டார்கள் என்பது தெரிந்திருந்தும் இறைவன் அந்த வரையறையை வைத்திருக்கின்றான். எல்லையற்ற கீழ்ப்படிதலைக் கேட்கும் ஷெய்குகள் இந்த ஒரு சொல்லை எங்கே வைத்துப் படிக்கிறார்கள்?

இனி ஸூஃபிப் பெரியார்கள் பக்கம் வருவோம். காத்திருப்பு என்பது நாம் புதிதாகப் புனைந்ததன்று. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள், தம் ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ நூலில், புதிதாக வருபவனுக்கு ஷெய்குகள் மூன்றாண்டுப் பயிற்சி வைப்பது வழக்கம் என்று எழுதியிருக்கின்றார்கள். முதலாண்டு மக்களுக்குத் தொண்டு; இரண்டாமாண்டு இறைவனுக்குத் தொண்டு; மூன்றாமாண்டு தன் உள்ளத்தைக் கண்காணித்தல். மூன்றையும் முடிக்காதவனை வழியில் ஏற்றுக்கொள்வதில்லை. பட்டியலில் முதலாவது மக்கள் தொண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். தன்னைவிடப் பிறரை மேலாகக் கருதிப் பணி செய்யத் தெரியாதவனுக்குத் திக்ரு கொடுத்து என்ன பயன்?

பக்தாதில் ஜுனைத் (ரஹ்) அவர்களிடம் ஷிப்லீ (ரஹ்) அவர்கள் வந்தபோது நிகழ்ந்ததை அத்தார் (ரஹ்) அவர்கள் ‘தத்கிரத்துல் அவ்லியா’வில் எழுதியிருக்கின்றார்கள். ஆட்சிப் பதவியிலிருந்து வந்தவர் ஷிப்லீ. போய் ஓராண்டு கந்தகம் விற்று வா என்றார்கள். விற்று வந்தார். ஓராண்டு பிச்சையெடு என்றார்கள். எடுத்தார். நீ ஆண்ட ஊருக்குப் போய், வீடு வீடாக ஏறி, உன்னால் துன்புற்றவர்களிடம் மன்னிப்புக் கேள் என்றார்கள். கேட்டு வந்தார். அதன் பிறகும் தொண்டு. அதன் பிறகே உபதேசம். ஆளுநரின் செருக்கு அப்போதுதான் கரைந்தது. இன்றோ, செல்வந்தர் ஒருவர் காரில் வந்திறங்கினால் அவருக்கென்று தனியறையில் தனி பைஅத்து! கந்தகம் விற்கச் சொல்ல எவருக்குத் துணிவிருக்கின்றது?

துருக்கியில் மவ்லவிய்யா தரீக்காவினர், 1925இல் அந்நாட்டு அரசு தக்கியாக்களை மூடும் வரையில், புதியவனை 1001 நாள் சமையற்கூடத் தொண்டில் வைத்திருந்தனர். அதற்கும் முன்னதாக மூன்று நாள், சமையற்கூடத்தின் ஒரு மூலையில் ஆட்டுத்தோலின் மீது அவனைச் சும்மா உட்கார வைத்துவிடுவர். அவன் செய்ய வேண்டிய வேலை பார்ப்பது ஒன்றே. இங்கே யார் எப்படிப் பேசுகின்றார்கள், எப்படி உழைக்கின்றார்கள், எப்படி உண்கின்றார்கள் என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் விருப்பமிருந்தால் தங்கலாம், இல்லையேல் போகலாம். நாம் ‘உரிமை’ என்று சொன்னது இதைத்தான். அவனைச் சோதிக்கும் முன், தம்மைச் சோதித்துக்கொள்ள அவனுக்கு இடம் கொடுத்தனர் அப்பெரியோர்.

நம் தமிழகத்து வரலாறு மட்டும் வேறா? நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்கள் குவாலியரில் முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் பத்தாண்டுகள் தங்கிப் பணி செய்ததாக நாகூர் மரபு கூறுகின்றது. குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்கள் கீழக்கரையில் கல்வி பயின்ற பின்னரே திரிசிரபுரத்தில் காதிரிய்யா வழியில் தீட்சை பெற்றார்கள். அதன் பிறகும் மலையில் நாற்பது நாள் தனித்திருந்தார்கள், ஊரூராய் அலைந்தார்கள், சென்னை இராயபுரத்துக்கு வந்து 1838இல் மறைந்தார்கள். இவர்களுடைய பெயரைச் சொல்லிக் கந்தூரி எடுக்கும் நாம், இவர்கள் நடந்த தூரத்தை நடக்க வேண்டாம் என்று மக்களிடம் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

நூல்களில் நம்பிக்கையில்லாதவர் கோவளத்திலிருந்து தெற்கே பேருந்தில் அரைமணி நேரம் செல்லட்டும். மாமல்லபுரத்தில் சாலையின் இருபுறமும் உளியோசை கேட்கும். 1957இல் அரசு அங்கே சிற்பப் பயிற்சி நிலையம் அமைத்தது. இன்று அது கல்லூரியாக வளர்ந்து நிற்கின்றது. கற்பட்டறைகளில் புதிதாக வந்த பையனிடம் எவரும் சிலையின் முகத்தைக் கொடுத்துவிடுவதில்லை. மழுங்கிய உளிகளைத் தீட்டுவான். கல்லைப் புரட்ட உதவுவான். வேண்டாத பகுதியைக் கொத்தித் தள்ளுவான். மற்றவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். கண்ணும் இதழும் செதுக்கும் வேலை ஆண்டுகள் சென்ற பின்னரே அவன் கைக்கு வரும். கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளக்கூடிய கல்லுக்கே இந்தப் பொறுமை காட்டுகிறார்கள் அத்தொழிலாளர். கல்பு கெட்டால் எந்த மலையில் போய் இன்னொன்று வெட்டிக் கொண்டுவருவது?

இனி மறுப்பாளர்கள் கூறுவனவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வோம்.

‘டில்லி நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள் பாபா ஃபரீது (ரஹ்) அவர்களைக் கண்டவுடனேயே பைஅத்துப் பெறவில்லையா? தாமும் வந்தோருக்கெல்லாம் வாரி வழங்கவில்லையா?’ என்பர். மறுப்பாளர் கையிலுள்ள வலிமையான வாதம் இதுவே. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம். நிஜாமுத்தீன் அவர்கள் அஜோதனுக்குச் சென்றது இருபதாம் வயதில். ஆனால் பாபா ஃபரீது அவர்களின் பெயரைக் கேட்டு உள்ளம் உருகியது ஏறத்தாழப் பன்னிரண்டாம் வயதில். பதாயூனில், ஊர் ஊராய்ச் சென்று வந்த பாடகர் ஒருவர் வாயிலாக. அமீர் ஹஸன் தொகுத்த ‘ஃபவாயிதுல் ஃபுஆத்’ இதற்குச் சான்று. பின்பு டில்லியில் கல்வி கற்றபோது, பாபா ஃபரீது அவர்களின் உடன்பிறந்தார் நஜீபுத்தீன் முதவக்கில் (ரஹ்) அவர்களோடு நெருங்கிப் பழகினார்கள். அந்தக் குடும்பத்தின் வாழ்வை, வறுமையை, நேர்மையை அருகிலிருந்து கண்டார்கள். ஆக, ‘உடனே’ கிடைத்ததாகச் சொல்லப்படும் பைஅத்துக்குப் பின்னால் எட்டாண்டுக் காத்திருப்பு இருக்கின்றது. கிலாபத்தோ அன்றே கிடைத்துவிடவில்லை. மீண்டும் மீண்டும் அஜோதன் சென்று தங்கிப் பயின்ற பின்பே கிடைத்தது.

அவர்கள் எல்லாருக்கும் பைஅத்து வழங்கியது உண்மைதான். வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரனீக்கே அது குறித்து ஐயம் எழுந்தது. ஷெய்கு அவர்கள் தந்த விளக்கத்தின் சாரங்களில் ஒன்று, பைஅத்துப் பெற்றவர்கள் பாவங்களை விட்டு விலகுவதாகக் கேள்விப்படுகின்றேன் என்பது. அதாவது அது தவ்பாவுக்கான பைஅத்து, மனந்திருந்தலின் வாயில். இந்த வேறுபாட்டை அவர்களுக்கு முன்பே ஷிஹாபுத்தீன் உமர் சுஹ்ரவர்தீ (ரஹ்) அவர்கள் ‘அவாரிஃபுல் மஆரிஃப்’ நூலில் வகுத்துவைத்திருந்தார்கள். கிர்கா என்னும் மேலாடை இருவகை: ஒன்று இராதத்துக்குரியது; மற்றொன்று தபர்ருக்குக்குரியது. பரக்கத்து நாடி வருவோனுக்குப் பின்னதைத் தாராளமாய்த் தரலாம். தன்னையே ஒப்படைக்க வருவோனுக்குரியது முன்னது. அதன் நிபந்தனைகள் கனமானவை. இன்று நடப்பது யாது? பரக்கத்தின் பெயரால் துணியை நீட்டுகின்றனர். பிடித்தவனிடம் இராதத்தின் கடமைகளைக் கேட்கின்றனர். வாயிலில் சொன்ன விலை வேறு, உள்ளே வாங்கும் விலை வேறு. இதை வணிகத்தில் செய்தால் மோசடி என்போம். ஆன்மிகத்தில் செய்தால் கராமத்து என்பதா?

‘மரணம் எப்போது வருமென்று யாரறிவார்? ஓராண்டுக்குள் மவுத்தாகிவிட்டால்?’ என்பர். தவ்பாவுக்குத் தவணையில்லை, தொழுகைக்குத் தவணையில்லை, கடனடைக்கத் தவணையில்லை. இவற்றுள் எதற்கும் ஷெய்கின் கை தேவையுமில்லை. கலிமாச் சொல்ல விரும்புபவனை ஒரு நொடியும் காக்க வைத்தல் கூடாது. ஆனால் தரீக்கா என்பது இஸ்லாத்தின் வாயிலன்று. இஸ்லாத்துக்குள் இருக்கும் ஒரு பயிற்சி. பைஅத்து சுன்னத்தே அன்றி வாஜிபன்று என்று ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் (1703–1762) ‘அல்கவ்லுல் ஜமீல்’ நூலில் தெளிவுபடுத்தியிருக்கின்றார்கள். காத்திருக்கும் நாளில் இறந்துபோனவன் ஒரு கடமையையும் விட்டவனாக மாட்டான்.

இங்கே இரண்டு மிரட்டல்களைக் குறிப்பிடாமல் போவதற்கில்லை. பைஅத்தின்றி இறந்தவன் அறியாமைக் காலத்து மரணம் எய்துவான் என்னும் கருத்துடைய ஹதீஸைச் சொல்லி எளியவரை அச்சுறுத்துவோர் உளர். அந்த ஹதீஸ் முஸ்லிம்களின் ஆட்சித் தலைவருக்குக் கட்டுப்படுதலைப் பற்றியது என்பதை விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். தரீக்காவின் ஷெய்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஷெய்கு இல்லாதவனுக்கு ஷைத்தானே ஷெய்கு என்பதையும் ஹதீஸைப் போல ஓதுவர். அது நபிமொழியன்று, பெரியோர் ஒருவரின் கூற்றாக வழங்கி வருவது. அச்சத்தால் நீட்டப்படும் கை இராதத்தின் கையாகாது. இராதத் என்ற சொல்லுக்கே விருப்பம், நாட்டம் என்பதுதானே பொருள்?

‘ஷெய்கைச் சோதிப்பது அதபுக் குறைவு’ என்பர். ஷாஹ் வலியுல்லாஹ் அவர்கள் அதே நூலில் ஷெய்குக்குரிய நிபந்தனைகளை எண்ணிக் காட்டியிருக்கின்றார்கள்: குர்ஆன், ஹதீஸ் அறிவு, நேர்மையும் இறையச்சமும், உலகப் பற்றின்மை, நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல், பெரியோரிடம் நெடுங்காலம் பழகிப் பயின்றிருத்தல். இந்த நிபந்தனைகள் யார் பார்ப்பதற்காக எழுதப்பட்டன? ஷெய்கு தம்மைத் தாமே பார்த்துக்கொள்வதற்காக மட்டுமா? கைபிடிக்க வருபவன் பார்க்க வேண்டுமென்பதற்காகவே எழுதப்பட்டன. ஒருவர் உலகப் பற்றற்றவரா என்பதைக் கந்தூரி மேடையின் வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடியுமா? அவர் வீட்டாரிடம் எப்படி நடக்கிறார், ஏழை வந்தால் எப்படி, பணக்காரன் வந்தால் எப்படி, கோபத்தில் எப்படி, கொடுக்கல் வாங்கலில் எப்படி? நான்கு பருவமும் பழகாமல் இவற்றில் ஒன்றும் தெரியாது.

தானா பவனில் மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் (1863–1943) பைஅத்துக் கேட்டு வந்தோருக்கு எளிதில் கை நீட்டவில்லை. முதலில் கடிதம் எழுது. உன் நஃப்ஸின் நோய் என்னவென்று சொல். சொன்ன மருந்தைச் செய்து பார். உனக்கும் எனக்கும் ஒத்துவருகின்றதா என்று பார்ப்போம் என்பது அவர்கள் முறை. சீர்திருத்தமே நோக்கம், பைஅத்து அதற்குக் கட்டாயமன்று என்று அவர்கள் வலியுறுத்தி வந்தார்கள். அதனால் அவர்களுடைய மதிப்புக் குறைந்ததா? எல்லாப் பகுதிகளிலிருந்தும் மக்கள் தேடி வந்தனர். காக்க வைக்கும் ஷெய்கை மக்கள் கைவிடுவதில்லை. காக்க வைத்தால் கைவிட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிறவரைத்தான் ஐயுற வேண்டும்.

‘இவ்வாறு எழுதுவது, தரீக்காவே வழிகேடு என்போருக்கு ஆயுதம் கொடுப்பதாகும்’ என்பர் இறுதியாக. ஆயுதம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டாயிற்று, கொடுத்தது நாமல்லோம். ஓரிரவில் முரீதான இளைஞன், அடுத்த ஆண்டு இன்னொரு ஷெய்கின் துணியைப் பிடிக்கின்றான்; அதற்கடுத்த ஆண்டு எல்லாவற்றையும் வெறுத்து ஒதுங்குகின்றான். காணிக்கை என்றும் நேர்ச்சை என்றும் வீட்டுப் பொருளை இழந்தபின் கண் விழிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கண்விழித்தவர்களைச் ‘சாபம் பிடிக்கும்’ என்று அச்சுறுத்தி அடக்குவோரும் இருக்கின்றனர். எதிர்ப்பாளர்களின் நூறு சொற்பொழிவுகளை விட, இவ்வாறு ஏமாந்த ஒருவனின் மௌனம் தரீக்காவுக்குப் பெரிய இழப்பு.

சாபத்தைப் பற்றிச் சொன்னோம். கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் சேர்ந்து நடந்த வரலாற்றைத் தரீக்காவினர் தம் வழிக்கு ஆதாரமாக ஓதுவர். நன்று, முழுவதையும் ஓதட்டும். உம்மால் என்னோடு பொறுமையாயிருக்க இயலாது என்று ஹிள்ர் முன்னதாகவே கூறிவிடுகின்றார்கள். நிபந்தனை தெளிவாகச் சொல்லப்படுகின்றது. மூன்று நிகழ்ச்சிகளில் மூஸா (அலை) வினா எழுப்புகின்றார்கள். பிரிவு நேர்கின்றது. அப்போது ஹிள்ர் சபித்தார்களா? இல்லை. தாம் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணத்தை விளக்கிச் சொல்லி, அதன் பிறகே விடைகொடுத்தார்கள். விலகிப் போகிறவனுக்கு விளக்கம் தர வேண்டியது வழிகாட்டியின் கடமை என்பதற்கு இதைவிடச் சான்று எது வேண்டும்?

ஆகவே, தர்கா நிர்வாகிகளுக்கும் ஜமாஅத்துத் தலைவர்களுக்கும் ஷெய்குமார்களுக்கும் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் ஐந்து.

ஒன்று: பரக்கத்து நாடி வருவோருக்குத் தவ்பாவும் துஆவும் தாராளமாய் நடக்கட்டும். ஆனால் இது தரீக்காவில் சேர்வதன்று என்று தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி, முன்னதாகச் சொல்லப்படட்டும். குறிப்பேட்டில் பெயர் ஏற வேண்டாம்.

இரண்டு: தரீக்காவில் சேர விரும்புவோன் குறைந்தது ஓராண்டு ஷெய்கின் மஜ்லிஸுக்கு வந்து பழகட்டும். அந்த ஆண்டில் பர்ளான கல்வியைக் கற்கட்டும். பிறருக்குத் தர வேண்டியதைத் தந்து முடிக்கட்டும். ஷெய்கும் தம் ஸில்ஸிலாவையும் இஜாஸத்தையும் கேட்டவுடன் காட்டட்டும்.

மூன்று: அந்த ஓராண்டில் அவனிடமிருந்து ஹதியா எதுவும் பெறுதல் கூடாது. ஒரு பழச்சீப்புக்கூட வேண்டாம். காத்திருப்பவனிடம் கை நீட்டாத ஷெய்குதான் பிறகு அவன் கையைப் பிடிக்கத் தகுதியுடையவர்.

நான்கு: பருவமடையாத பிள்ளைகளிடம் பைஅத்து வாங்குதல் கூடாது. பெண்கள் விரும்பினால் அவர்களுக்கும் அதே ஓராண்டு; குடும்பத்தார் அறிய, சொல்லால் மட்டும். நபியவர்கள் பெண்களிடம் சொல்லாலேயே பைஅத்து வாங்கினார்கள், எந்தப் பெண்ணின் கையையும் தொடவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள்.

ஐந்து: ஓராண்டுக்குப் பின் ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று சொல்லி விலகுபவனை ஸலாம் கூறி அனுப்பிவைக்கட்டும். அவன் மீது ஒரு சொல்லும் வேண்டாம்.

ஓராண்டு என்பதை ஏன் தேர்ந்தோம்? அகபாவின் இரண்டு உறுதிமொழிகளுக்கு இடையிலிருந்த காலம் அது. ஹுஜ்வீரி அவர்கள் கூறிய மூன்றில் ஒரு பங்கு; மவ்லவிய்யா முறையிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். முன்னோர் கேட்டதில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டே கேட்கின்றோம். இதையும் தர மனமில்லாதவர், அவசரம் யாருக்கு, எதற்கு என்பதைப் பொதுமக்கள் முன் விளக்கட்டும். மார்க்க ஆதாரத்தோடு மறுப்போர் எழுதட்டும், கற்றுக்கொள்ள ஆயத்தமாயிருக்கிறோம். ஆனால் அடுத்த கந்தூரியில் துணி விரிக்கப்படுமுன், அதன் ஓரத்தைப் பிடிக்கப்போகும் இளைஞனிடம் எவரேனும் ஒருவர், எதற்குக் கை கொடுக்கிறாய் என்று தெரிந்துதான் கொடுக்கிறாயா என்று கேட்கட்டும். அகபாவில் ஓர் அன்சாரி கேட்ட கேள்வி அது. அதைக் கேட்பது அதபுக் குறைவாகாது.